மகளுக்கு மறுமணம் செய்த பத்திரிகாசிரியர்

(நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு பார்ப்பனரைப் பற்றி என்றால் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாய் இருக்கலாம். பிறப்பைக் கொண்டு ஒருவனை மட்டமாக்குவது அயோக்கியத்தனம் என்று ஊரூராய்ச் சொல்லி வருகிற நாம், பிறப்பைக் கொண்டே ஒருவர் செய்த நல்ல காரியத்தை மூடி மறைக்கலாமா? அதற்காக அவருடைய குறையைச் சொல்லாமல் விடப்போவதுமில்லை.

அவர் பெயர் ஜி. சுப்பிரமணிய அய்யர். 1855 ல் தஞ்சை ஜில்லா திருவையாற்றில் பிறந்தவர். சென்னையில் பள்ளிக்கூட உபாத்தியாயராய் இருந்தவர். 1878 ல் முத்துசாமி அய்யரை ஹைகோர்ட் ஜட்ஜாகப் போட்டபோது, ஓர் இந்தியனுக்கு அந்த நாற்காலியா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அதற்குப் பதில் சொல்ல நமக்கொரு பத்திரிகை இல்லையே என்று ஆறு வாலிபர்கள் கூடி, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதி அச்சிட்டு "ஹிந்து"வை ஆரம்பித்தார்கள். அதன் ஆசிரியர் இவர். இங்கிலீஷ் படித்தவனுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று 1882 ல் தமிழில் "சுதேசமித்திரன்" ஆரம்பித்தார். அதே 1882 ல் நம் சேலத்தில் மசூதி அருகே ஊர்வலம் போகும் விஷயமாய்ப் பெருங் கலகம் நடந்து, சேலம் விஜயராகவாச்சாரியாருக்குத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டு, அது ஹைகோர்ட்டில் தள்ளுபடியாயிற்று. அந்த விவகாரத்தில் சர்க்கார் நடத்தையைக் கண்டித்து எழுதிய பத்திரிகை "ஹிந்து."

அக்காலத்தில் சீமையில் பத்திரிகைக்காரரே பொருளாதார நிபுணராகவும் இருப்பது சகஜம். "எக்கனாமிஸ்ட்" பத்திரிகையை 1843 ல் ஆரம்பித்த ஜேம்ஸ் வில்சன் அப்படிப்பட்டவர். அவர் 1859 ல் கல்கத்தாவுக்குப் பொக்கிஷ மந்திரி மாதிரி வந்து சேர்ந்து, 1860 ல் நம் தலையில் வருமான வரியைப் போட்டுவிட்டு, அந்த வருஷமே இங்கேயே மாண்டும் போனார்! அவர் வரி போடக் கணக்குப் பார்த்தார். நம் அய்யரோ வரி கொடுக்கிறவன் பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்தார். 1897 ல் லண்டன் சென்று வெல்பி கமிஷன் முன்பு இந்தியச் செலவைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். 1903 ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார அம்சங்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புஸ்தகம் போட்டார். நிலவரி, உப்பு வரி, நசிந்துபோன கைத்தொழில், ஜனங்களின் தரித்திரம் ஆகியவைதான் அவருடைய விஷயங்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய படிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1871 ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருஷம் கழித்து எண்ணினால் சுமார் 16 லட்சம்! பெருகவேண்டிய ஜனங்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோனார்கள். மண் சுமக்க வந்த கூலிக்காரனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று திட்டம் செய்தார் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் துரை. அந்தச் சமயத்திலும் தானியம் இந்தியாவிலிருந்து சீமைக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தறிக்காரன் நெய்த துணியை வாங்க ஆளில்லை. ஆகவே சோளம் கடையில் இருந்தும் அவனுக்கு இல்லை. இதைப் புரோகிதனிடம் கேட்டால் கிரகம் என்பான், தலைவிதி என்பான். வரி எவ்வளவு, கூலி எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்பவனே பொருளாதாரம் படித்தவன்.

நிற்க, நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. சுப்பிரமணிய அய்யருக்கு இளம் வயதிலேயே விதவையான ஒரு மகள் இருந்தாள். விதவா விவாகச் சட்டம் 1856 லேயே வந்துவிட்டது. ஆனால் மேடையில் அதை மெச்சிப் பேசிவிட்டு வீட்டில் மகளுக்கு மொட்டையடித்த கனவான்கள் எத்தனை பேர்! இவர் அப்படிச் செய்யவில்லை. 1889 ல் பம்பாயில் காங்கிரஸ் கூடிய சமயம், அங்கேயே அந்தப் பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்தார். அதுவரை அவருடைய தலையங்கத்தைப் படித்துக் கைதட்டிய ஜாதிக்காரர்கள் அவரைப் பந்திக்கு வெளியே தள்ளினார்கள். 1885 ல் முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான் என்ற பெருமைகூட அவரைக் காப்பாற்றவில்லை! வெள்ளைக்காரனைத் திட்டினால் தேசபக்தன். பஞ்சாங்கத்தைத் தொட்டால் பாவி. சமுதாயச் சீர்திருத்த எழுத்து சந்தாதாரர்களுக்குக் கசந்ததும் சேர, கூட்டாளியோடு அபிப்பிராயபேதம் முற்றி, தாம் ஸ்தாபித்த "ஹிந்து"வை விட்டே 1898 ல் விலகினார். "சுதேசமித்திர"னை மட்டும் வைத்துக்கொண்டு மறுவருஷம் அதைத் தினசரியாக்கினார்.

குறை ஒன்று சொல்வோம் என்றோமல்லவா? தேசத்துப் பணம் கப்பலேறிப் போவதை அவர் பைசா பைசாவாக எண்ணினார். திதிக்கும் திவசத்துக்கும் தேர் திருவிழாவுக்கும் உழைக்கிறவன் வீட்டிலிருந்து போகிற பணத்தை அப்படி எண்ணியிருந்தால் அந்தக் கணக்கு முழுக் கணக்காய் இருந்திருக்கும். அந்த வேலையை 1925 க்குப் பிறகு "குடி அரசு" செய்யவேண்டி வந்தது.

1908 ல் ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி அவரைக் கைது செய்தார்கள். பிறகு குஷ்டம் கண்டு வெகு கஷ்டப்பட்டார். பூர்வ ஜன்ம பாவம் என்று சொல்வதற்கு எப்போதும் ஆள் உண்டு. அது கிருமியால் வருவது என்று 1873 லேயே நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்திருந்தார். ஆனால் குணப்படுத்தும் மருந்து அன்று இல்லை. 1916 ஏப்ரல் 18 ந் தேதி சுப்பிரமணிய அய்யர் காலமானார். பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது அந்த வருஷம் டிசம்பரில்.