அறிவிப்பும் மனுவும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெருமக்கள் இலக்கியச் சுவை வழங்குவது வழக்கம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலாது, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேரேடுகளோடு காலங்கழித்து வரும் எம்மைப் பேசுமாறு சங்கத்தார் பணித்துவிட்டனர். கம்பனைப் பற்றிப் பேச எமக்குத் தகுதியில்லை. மனுவையும் ரசீதையும் பற்றிப் பேசலாம் என்று துணிந்தோம். சட்டமன்ற உறுப்பினர் விடுக்கும் அறிவிப்புகளும் நமது ஊரின் பொது வசதிகளுமே யாம் எடுத்துக்கொண்ட பொருள். இஃது அரசியற் பேச்சன்று. எக்கட்சியையும் ஏற்றவோ இறக்கவோ யாம் வரவில்லை.

முதலில் நாம் இருக்கும் இடத்தை அறிந்துகொள்வோம். எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஆகவே, இப்பகுதித் தமிழருள் சிலர் எல்லையைக் கடந்து வந்தவர். சிலர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. 1985-இல் மண்டலங்கள் ஏற்பட்டன. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் நாம் சேர்ந்தோம். சத்தியவேடு, வரதய்யபாளையம், நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், கே.வி.பி. புரம், பி.என். கண்டிரிகை ஆகிய ஏழு மண்டலங்களும் சேர்ந்ததே நமது சத்தியவேடு தனித்தொகுதி. ஆந்திர சட்டமன்றத்தின் 175 இடங்களுள் நமக்குரியது அந்த ஒன்றே.

அந்த ஒருவர் நமக்கு என்ன செய்ய இயலும்? சட்டம் இயற்றுவதிலும், வரவு செலவுத் திட்டத்திலும் அவருக்கு வாக்குண்டு. அமைச்சரைக் கேள்வி கேட்கலாம், அதிகாரிகளுக்கு எடுத்துரைக்கலாம். ஆனால், தெருக்குழாயைப் பழுதுபார்ப்பது பஞ்சாயத்தின் பணி. நிலப்பட்டா தாசில்தாரின் பணி. 'எம்.எல்.ஏ. சொல்லிவிட்டார், இனி எல்லாம் நடந்துவிடும்' என்று வீட்டில் இருந்துவிடுவது நம்மிடையே உள்ள பெரும்பிழை.

அறிவிப்பு வேறு, காரியம் வேறு என்பதற்குப் பெரியதோர் சான்று உண்டு. சென்னை நகருக்குக் கிருஷ்ணா நதிநீர் வழங்கும் ஒப்பந்தத்தில் திரு. என்.டி. ராமராவ் அவர்களும், திரு. எம்.ஜி. ராமச்சந்திரன் அவர்களும் கையெழுத்திட்டது 1983-இல். அந்நீர் பூண்டி ஏரியை எட்டியது 1996-இல். இரண்டு முதலமைச்சர்கள் கைச்சாத்திட்ட காரியத்துக்கே பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. எனில், நமது தெருவிளக்குக்கு ஒலிபெருக்கியில் கேட்ட ஒரு சொல் போதுமா?

இனி, நமது காலனியிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். நம் தெருவில் கணவனை இழந்து தனித்து வாழும் மூதாட்டியார் ஒருவர் இருக்கின்றார். இம்மாநிலத்தில் முதியோர்க்கு 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை; மாதத்தின் முதல் நாளில் பணியாளர்கள் வீடு தேடி வந்து தருகின்றனர். அவருக்கு அதுவே அரிசி, அதுவே மருந்து. ஒரு மாதம் அது வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. விசாரித்தபோது, ஒரு தாளில் தமிழர் வழக்கப்படி தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், மற்றொரு தாளில் தெலுங்கர் வழக்கப்படி 'இண்டிபேரு' என்னும் குடும்பப்பெயர் முன்னே வர வேறொரு பெயர். இருவர் எனக் கருதி நிறுத்தியிருந்தனர்.

இத்தகைய குறைகளைக் களையவே ஒரு முகாம் நடந்தது. சட்டமன்ற உறுப்பினரும் வருவதாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தனர், நோட்டீசும் ஒட்டினர். நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. மூதாட்டியாருக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரிந்த நாமோ, அது தேர்தல் விளம்பரம் என்று எண்ணிக் கடந்து போனோம். யாமும் அவ்வாறே போனோம் என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்கின்றோம். முகாம் முடிந்த மூன்றாம் நாள் அவர் எம் வீட்டு வாசலில் வந்து, "தம்பி, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். எமக்கு விடை சொல்ல நாவெழவில்லை.

பின்னர் இரண்டு தாள்களின் நகலையும் இணைத்து, இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியன என்று விளக்கி, மனு எழுதி, ரசீதும் பெற்றோம். நான்கு மாதங்கள் கழித்து உதவித்தொகை மீண்டும் வரலாயிற்று. இடையில் இழந்த தொகை வரவில்லை. அந்நாட்களில் அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்டார் என்று பின்னரே அறிந்தோம்.

அன்பர்களே! டிக்கெட் ஜன்னலில் அமர்ந்து யாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. வண்டி எண்ணையும் நாளையும் ஊரையும் தெளிவாக எழுதித் தருபவருக்கு நொடியில் வேலை முடியும். "எப்படியாவது ஓர் இடம் கொடுங்கள்" என்பவர் வரிசையிலேயே நிற்பார். மனுவும் அத்தகையதே. ஒரு மனுவில் ஒரு குறை. தேதி, கதவு எண், கார்டு எண், நகல், கையொப்பம். கொடுத்ததற்கு ரசீது இன்றித் திரும்பலாகாது.

யாரிடம் கொடுப்பது? 2019 அக்டோபர் 2 முதல் ஏற்பட்ட கிராமச் செயலகமே முதற்படி. அங்கே தீராவிடில் மண்டல அலுவலகம். அதற்கும் மேல், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடைபெறும் குறைகேட்பு. மனு என்னவாயிற்று என்று தெரியாவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளில் விடை தரவேண்டும். இவற்றின் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். வெறுங்கையோடு செல்பவரைக் காட்டிலும் ரசீதோடு செல்பவருக்காகப் பேசுவது அவருக்கும் எளிது.

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டா. நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைதீர்க்க மனுச்செய்யலாம் என்று இந்திய அரசியற்சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகின்றது. தமிழில் எழுதலாம், ஆயினும் படிப்பவரின் வசதி கருதித் தெலுங்குப் படியும் உடன் வைப்பது உலக வழக்கு அறிந்தோர் செயல். நமக்குச் சோறிடும் மண்ணின் மொழியைக் கற்பது தாய்மொழிக்குத் துரோகமன்று.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கின்றனர்; நம் பாட்டிமார் தமிழ் மட்டுமே அறிவர். ஞாயிறுதோறும் மாலையில், உயர்நிலைப்பள்ளி மாணவர் இருவர் அவ்வாரத்து நோட்டீசுகளையும் அறிவிப்புகளையும் இம்மண்டபத்தில் தமிழிற் படித்துச் சொல்லட்டும். ஒரு பேரேடு வைப்போம். யார் மனு, எந்த அலுவலகம், எந்தத் தேதி, என்ன விடை என்று அதில் எழுதுவோம். பேரேடு எழுதும் பணியை யாம் ஏற்கின்றோம். அஃது ஒன்றே எமக்குத் தெரிந்த கலை.

அந்த மூதாட்டியார் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் கேட்ட கேள்விக்கு இனி ஒவ்வொரு ஞாயிறும் இந்த மண்டபம் விடை சொல்லட்டும் என்று வேண்டி அமைகின்றோம்.