சிறு தளத்தில் படமும் குரலும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சங்கத்தாரோ, பஜனை மண்டலியாரோ, ஒரே குடியிருப்பில் வாழும் பத்துப் பதினைந்து குடும்பத்தாரோ சேர்ந்து இணையத்தில் தங்களுக்கென ஒரு சிறு தளம் அமைத்துக்கொள்கிறார்கள். பொங்கல் விழாப் படங்கள், குழந்தைகளின் பாட்டு, பெரியவர்களின் பேச்சு ஆகியவற்றை அதில் சேர்த்து வைக்கிறார்கள். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் வாழும் நாங்களும் அத்தகைய தளம் ஒன்றை நடத்துகிறோம். அதைப் பார்ப்போர் நூறு பேருக்கு மேல் இல்லை. அந்த நூறு பேர் யார், எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்று நாங்கள் தொடக்கத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் நேர்ந்த ஒரு நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களுள் ஒருவருடைய தாயார் 1962இல் புது மணப்பெண்ணாகத் தில்லிக்கு வந்தவர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்த பிரயாணத்தை அவர் ஒரு நாள் எங்களுக்கு விவரித்தார். சேலையில் படிந்த கரித்தூள், கூஜாவில் தீர்ந்துபோன தண்ணீர், மூன்றாம் நாளும் கெடாதிருந்த புளியோதரை, வந்த பின்பு பால்காரனிடம் விரல்விட்டுக் கணக்குப் பேசியது என நாற்பது நிமிடங்கள் பேசினார். கைபேசியில் அதைக் காணொளியாக எடுத்தோம். உயர்தரக் காணொளி நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 மெகாபைட் வரை இடம் பிடிக்கும். எங்கள் பதிவு நான்கு ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதை 600 மெகாபைட்டாகச் சுருக்கித் தளத்தில் ஏற்றினோம்.

யாருக்காக ஏற்றினோமோ அவருக்கு அது எட்டவில்லை. அம்மையாரின் தங்கை கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருப்பவர். பழைய கைபேசி, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து வரும் இணைய வசதி. மறுநாள் தொலைபேசியில், “அக்கா, உன் படம் வந்து நிற்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீ வாய் திறக்கமாட்டேன் என்கிறாய்” என்றார்.

உடனே ஒலியை மட்டும் தனியே பிரித்து, விநாடிக்கு 24 கிலோபிட் வீதத்தில் எம்பி3 கோப்பாக மாற்றினோம். நாற்பது நிமிடப் பேச்சும் ஏழு மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. அன்று மாலையே தங்கை முழுவதையும் கேட்டார். இரவு அக்காளும் தங்கையும் வெகுநேரம் பேசினார்கள். எங்களுக்கும் பெருமைதான். காரியம் முடிந்தது என்று கைபேசியிலும் தளத்திலும் இருந்த காணொளிகளை அழித்து இடத்தை மீட்டுக்கொண்டோம். அடுத்த குளிர்காலத்தில் அம்மையார் காலமானார். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க நல்ல பதிவு ஒன்று வேண்டும் என்று மகன் கேட்டபோது, தகரப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போன்ற அந்த ஏழு மெகாபைட் ஒலிதான் எங்களிடம் இருந்தது.

இது ஏன் என்பதை நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எம்பி3 முறை, மனிதக் காது அதிகம் கவனிக்காத பகுதிகளைக் கழித்துவிட்டு எஞ்சியதைச் சேமிக்கிறது. ஜேபெக் முறை படத்தில் கண் கவனிக்காத நுட்பங்களை அவ்வாறே கழிக்கிறது. வீதத்தை மிகக் குறைத்தால், கவனிக்கக்கூடிய பகுதிகளும் கழிந்து போகின்றன. கழிந்ததை எந்தக் கருவியாலும் உள்ளபடி திரும்பப் பெற இயலாது. ஆகவே பிரதிகள் இரண்டு வேண்டும். மூலப் பிரதி கழிவில்லாத முறையில், எடுத்துக்காட்டாக வேவ் கோப்பாக, வீட்டில் இருக்கவேண்டும். அதுவும் ஒரே இடத்தில் அன்றி இரண்டு இடங்களில். நாற்பது நிமிடத் தனிக்குரல் அவ்வாறு சுமார் 210 மெகாபைட்தான் ஆகும். தளத்தில் ஏற்றுவது சிறு பிரதி. பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் விநாடிக்கு 64 கிலோபிட் தாராளம். எங்கள் அம்மையாரின் பேச்சு அப்போது 19 மெகாபைட் ஆகியிருக்கும். கோவில்பட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

படங்களுக்கும் இதே முறைதான். இன்றைய கைபேசிப் படம் ஒன்று 4,000க்கு 3,000 பிக்சல் அளவில் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். தளத்தில் 1,200 பிக்சல் அகலம் போதுமானது; கோப்பு 200 கிலோபைட் அளவில் நிற்கும். விழாப் படங்கள் முப்பதைச் சுருக்காமல் ஒரே பக்கத்தில் அடுக்கினால், பார்ப்பவரின் அன்றைய இணைய அளவில் நூறு மெகாபைட் கரைந்துவிடும். இன்னொன்று: கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும். வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களை ஏற்றுமுன் அவற்றை நீக்குவதும், பெற்றோரின் சம்மதம் பெறுவதும் அவசியம்.

மொழிபெயர்ப்பே தொழிலான எங்களை மிகவும் உறுத்தும் விஷயம் வேறு. விழா அழைப்பையும் இரங்கல் செய்தியையும் படமாக வரைந்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. நம் கணினியில் உள்ள எழுத்துரு மற்றவரிடம் இல்லையானால் தமிழ் முழுவதும் குறிகளாகத் தோன்றும். படமானால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் யூனிகோடு 1991இல் வெளியானபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. இன்று எல்லாக் கைபேசிகளும் அதைக் காட்டுகின்றன. காரணம் போனபின்பும் பழக்கம் போகவில்லை. படத்துக்குள் அடைபட்ட தமிழைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்வதில்லை, பெரிதாக்கினால் மங்குகிறது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பல வேளைகளில் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. எழுத்தை எழுத்தாகவே இடவேண்டும். படத்துக்கும் மாற்று உரை எழுதவேண்டும். ‘குழுப்படம்’ என்று மட்டும் எழுதுவது போதாது; ‘குடியிருப்புப் பூங்காவில் பொங்கல் பானையைச் சுற்றி ஆறு பெண்கள்’ என்றால் கேட்பவர் காட்சியை அறிவார். பழைய படமானால் ஆண்டையும், இடமிருந்து வலமாகப் பெயர்களையும் கீழே குறித்துவிடுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும்.

காணொளியைத் தளத்திலேயே வைக்காமல், காணொளிகளுக்கென உள்ள பொதுச் சேவையில் ஏற்றி இங்கே இணைப்பது சிறு தளத்துக்குச் சௌகரியம். இணைப்பின் வேகத்துக்கேற்ப அங்கே தரம் தானே கூடும், குறையும். விளம்பரம் குறுக்கிடும் என்பது ஒரு குறை. கணக்கு முடங்கினால் காணொளியும் போய்விடும் என்பது பெரிய குறை. ஆகையால் அதை மூலப் பிரதி என்று நம்பியிருக்கக் கூடாது. கருவிகளும் நிலைப்பதில்லை. ஃபிளாஷ் செயலியை நம்பி ஒலிப்பெட்டி அமைத்திருந்த பழைய தளங்கள், 2020 டிசம்பர் 31 உடன் அச்செயலிக்கு ஆதரவு நின்றபின் ஊமையாயின. கோப்பை வைத்திருந்தவர்கள் வேறு முறையில் மீண்டும் ஏற்றினார்கள்.

பக்கம் திறந்ததும் தானே பாடத் தொடங்கும் ஒலியை எவரும் விரும்புவதில்லை. பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதிலும் சட்டச் சிக்கல் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை இதற்குப் புறம்பானது.

குரலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பள்ளியில் தமிழ் இல்லாததால் எழுத்தறியார். அவர்களுக்குப் பாட்டியின் கதை ஒலியாக வந்தால்தான் கதை. செவி மங்கிய தாத்தாவுக்கோ அதே கதை எழுத்தாக வேண்டும். ஆகவே ஒலிக்கு அருகில் அதன் எழுத்து வடிவத்தையும் வைக்கிறோம். அதில் கரிசல் பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அலுவலகப் பழக்கத்தால் எங்கள் கை திருத்தத்தான் துடிக்கிறது.

அம்மையாரின் பேச்சையும் இப்போது எழுத்தாக்கி வருகிறோம். இருபத்து மூன்றாம் நிமிடத்தில், நள்ளிரவில் யாரோ ஒரு முதியவள் ஜன்னல் வழியே தண்ணீர் கொடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்கிறார். எங்கள் காதுக்குப் பல்லார்ஷா என்று கேட்கிறது. வார்தா என்று அப்போதே அக்காள் கடிதத்தில் எழுதியதாகத் தங்கை சொல்கிறார். அந்த இடத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறோம்.