கவர்ந்துகொண்ட தெய்வநிலை

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'மொரோவிண்ட்' ஒரு கணினி விளையாட்டே. ஆயினும் அதனுள்ளே ஒரு புராணம் அடங்கியிருக்கிறது. அதில் மக்கள் வழிபடும் விவெக் என்னும் தெய்வம், சாவுக்குரியவனாய்ப் பிறந்து, மாண்ட கடவுளொன்றின் இதயத்திலிருந்து ஆற்றல் பெற்றவன்.

அவன் அருளிய 36 உபதேசங்கள் அவ்வுலகில் நூல்களாய்ச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் உட்பொருளாக ஆர்வலர் கொள்வது விந்தையானது. உலகம் ஒரு கனவு. அதை உணர்ந்தவன் தானும் பொய்யென்று கரைந்தொழியக்கூடும். கனவென்று தெரிந்தும் 'நான் உளேன்' என நிலைப்பவனோ கனவையே மாற்றவல்லவனாகிறான். இந்நிலைக்குச் 'சிம்' என்று பெயர்.

இத்தகைய ஞானிக்கு மறைக்க என்ன இருக்கும்? 29ஆம் உபதேசத்தின் எண்களைத் திறவுகோலாக்கி, ஒவ்வோர் உபதேசத்திலும் ஒரு சொல்லாகப் பொறுக்கிக் கோத்தால் ஒரு வாக்குமூலம் வெளிப்படுகிறது: தன் தலைவனைக் கொன்று தெய்வநிலையைத் திருடியவன் அவன். பழியை விதியின்மேற் போடவுமில்லை. தானே விரும்பிச் செய்தானாம்.

விளையாடுபவனோ, கொலையுண்ட அத்தலைவன் நெரவாரின் மறுபிறவி எனப்படுபவன். அவனிடம் விவெக் ஒரு கையுறையை ஒப்படைக்கிறான். அதை அணியாது, இதயத்தை அழிக்கும் கருவிகளைத் தொட்டவனுக்குச் சாவு நேரும். இதயம் அழிந்தால் தன் தெய்வநிலையும் அகலும் என்பதை அறிந்தே அவன் அதைக் கொடுக்கிறான்.