செஞ்சிக் கோட்டையில் பார்த்த மூன்று

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் படப்பைப் பகுதிக் குழுக்களோடு நாங்களும் குடும்பத்துடன் செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தோம். வர முடியாதவர்களுக்காக, அங்கே பார்த்ததில் மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நெற்களஞ்சியம். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகால் பக்கத்தில் இருக்கிறது. தடித்த சுவர், வளைவுக் கூரை. 1690-இல் முகலாயப் படை இந்தக் கோட்டையை வளைத்தது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1698-இல்தான் கோட்டை விழுந்தது. இத்தனை வருஷம் தாங்கியதற்குக் காரணங்கள் பல. ஆனால் நெல் இல்லாமல் எந்தக் கோட்டையும் தாங்காது. எதிரி வாசலுக்கு வந்த பிறகு களஞ்சியத்தை நிரப்ப முடியுமா? அறுவடையிலேயே நிரப்பணும். வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை இருக்கும் மாதத்தில் சந்தாவை விட்டுவிட்டு, வேலை போனதும் கந்துவட்டிக்கு ஓடினால் என்ன பயன்?

இரண்டாவது, தண்ணீர். மலைமேல் சுனை, கீழே ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம். மழையைத் தேக்கி வைத்த ஊர் அது. நம்ம மணிமங்கலம் ஏரியும் முன்னோர் தேக்கியதுதானே? கிராம சபையில் ஏரியைப் பற்றிப் பேச நாம் எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ராணி. 1714-இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் படையோடு போரிட்டு இறந்தார். வயது 22 என்பார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று பெயர் வந்ததாம். ஊருக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை கிடைக்கவில்லை. 1829-இல் அந்த வழக்கத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் கணவனை இழந்த நம் உறுப்பினரை இன்றும் வளைகாப்பில் ஒதுக்கி உட்கார வைக்கிறோமே, அதை யார் நிறுத்துவது? நாம்தான்.

இந்தப் பயணத்துக்கு யாரும் உள்கடன் வாங்கவில்லை. ஆறு மாதம் தனியாகச் சேர்த்த பணம். "பொம்பளைங்களுக்கு எதுக்கு ஊர் சுத்துறது?" என்று கேட்டவர்களும் வேனில் ஏறி வந்தார்கள்!

செஞ்சி 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர்தான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மலை ஏறுவதானால் காலையிலேயே ஏறுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். குரங்கிடம் சாப்பாட்டுப் பை பத்திரம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இரண்டு தீர்மானம் எழுதி வாருங்கள்: ஆபத்துக்கு உதவும் தனி நிதி ஒன்று, கணவனை இழந்த சகோதரியை நல்ல காரியத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பது இன்னொன்று.