சோழன் கொடி கடலில் நிலைத்திருந்தால்?

(அருப்புக்கோட்டையில் பேசியதன் சுருக்கம்)



“இராஜேந்திரன் கடாரத்தை அடித்தானே, அந்த இராஜ்யம் மட்டும் நிலைத்திருந்தால் இலங்கையும் மலேயாவும் இன்று நம்முடையதல்லவா?” என்பதாகச் சில பண்டிதர்கள் மேடைதோறும் பெருமூச்சு விடுகிறார்கள். நம்முடையது என்றால் யாருடையது என்று கேட்டால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

1025ல் படை போனது வாஸ்தவம். கொண்டுவந்த நிதியும், வாசல் தோரணமும், மணிக்கதவும் தஞ்சாவூர்க் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. அதே அரசன் காலத்தில் எண்ணாயிரத்தில் ஒரு வேத பாடசாலை நடந்தது. 340 மாணாக்கர், 14 ஆசிரியர். சாப்பாட்டுக்கு நெல்லும் மான்ய நிலமும் உண்டு. உழுகிறவன் பிள்ளைக்கு அதில் இடம் கிடைத்ததாக அந்தக் கல் சொல்லவில்லை.

சரி, சோழன் கொடியே இலங்கையில் பறந்தது என்று வைத்துக்கொள்வோம். காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட யார் போயிருப்பார்கள்? மழை பொய்த்தால் கம்பும் சோளமும் கருகிப்போகிற இந்தக் கரிசல் பூமிக்காரன்தானே! வெள்ளைக்காரத் துரை காலத்தில் அவனை அழைத்துப் போனவன் யார்? தமிழ் பேசுகிற கங்காணி. முன்பணம் கொடுத்தான், கடன் ஏறிற்று, கடனைத் தீர்த்தால்தான் ஆளை விடுவோம் என்று ‘துண்டு’ எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றினார்கள். 1921ல்தான் அந்தத் துண்டு ஒழிந்தது. கங்காணி தமிழன் என்பதற்காகக் கடனில் ஒரு காசு குறைந்ததா?

இதைச் சொன்னால், “அப்படியானால் வெள்ளைக்காரன் வந்தது நல்லதுதானோ?” என்கிறார்கள் வேறு சிலர். அதற்கும் பதில் தூரத்தில் இல்லை, பக்கத்துக் கமுதியிலேயே இருக்கிறது. 1897ல் நாடார்கள் அங்குள்ள கோயிலுக்குள் போனார்கள். இராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயிற்று. 1908ல் அந்தச் சீமை நீதிபதிகள் என்ன செய்தார்கள்? பழைய வழக்கம் என்று சொல்லி நம்மூர் ராஜா சாத்திய கதவுக்குச் சீமைப் பூட்டும் போட்டார்கள்! கறுப்பு ராஜாவும் வெள்ளை நீதிபதியும் அங்கே ஒத்துப்போனார்களா இல்லையா?

பிறகு வெள்ளைக்காரனும் இலங்கையை விட்டுப் போனான். 1948ல் வந்த சட்டம் தோட்டத் தமிழரில் இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் இரண்டு சர்க்காரும் தலையை எண்ணிப் பங்கு பிரித்ததில் 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. அவர்களைக் கேட்டா பிரித்தார்கள்? தட்டுமுட்டுச் சாமான்களோடு இராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். பண்டிதர்கள் அவர்களில் ஒருவரிடம் போய், கடாரம் நம்முடையதாக இருந்தது என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும்.