பரணில் கிடந்த பாதி ஏடு

(மூலக்குளத்தில் நடைபெற்ற நமது முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "சார், பத்து நிமிஷம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். வணிகவியல் பற்றிப் பேசுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஒரு ஓலைக் கட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்தது 1954. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. என் வயதும் புதுச்சேரியின் சுதந்திர வயதும் ஒன்று என்று அப்பா அடிக்கடி சொல்வார். அப்போது இந்த மூலக்குளம் இப்படி இல்லை. வில்லியனூர் ரோட்டில் மாட்டு வண்டிதான் அதிகம். எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் வயல்.

என் அம்மாவின் அப்பா சிவன் கோயில் குருக்கள். அவர் காலமான பிறகு, அவருடைய ஓலைக் கட்டுகள் பதினான்கும் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. தாத்தாவுக்கு ஆண் வாரிசு இல்லை. அப்பா பஞ்சாலையில் குமாஸ்தா. அந்த எழுத்தைப் படிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சரஸ்வதி பூஜை அன்று இறக்கி, மஞ்சள் பொட்டு வைத்து, மறுநாள் திரும்ப ஏற்றுவோம். அவ்வளவுதான்.

1968ஆம் வருஷம். எனக்குப் பதினான்கு வயது. மழைக்கு முன் ஓடு மாற்றினோம். பரணில் எலி. சித்தப்பா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "படிக்காத ஏடு வீட்ல இருந்தா ஆகாதுடா. ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல விட்டுட்டு வந்துடலாம்" என்றார். பாட்டி தடுத்தாள். "உங்க தாத்தா கை பட்டதுடா" என்றாள். அவள் பேச்சு எடுபடவில்லை. சைக்கிள் கேரியரில் ஆறு கட்டுகளைக் கட்டிக்கொண்டு நான்தான் மிதித்தேன். சங்கராபரணியில் முழங்கால் தண்ணீர். கற்பூரம் ஏற்றி, ஒவ்வொன்றாக என் கையாலேயே விட்டேன். ஓலை உடனே முழுகவில்லை. கோரைப் புல்லில் சிக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன். மீதி எட்டுக் கட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பரணிலேயே தங்கிவிட்டது.

நான் மட்டுமா செய்தேன்? தமிழ்நாடு முழுக்க ஆடிப் பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது, எத்தனையோ ஏடுகள் அப்படிப் போய்விட்டதைக் கண்டு வருந்தியிருக்கிறார். தமிழ் ஏட்டுக்கே அந்தக் கதி என்றால், கிரந்த எழுத்தில் இருக்கிற சமஸ்கிருத ஏட்டுக்கு யார் அழுவார்கள்?

1973இல் நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், துறை வித்தியாசம் பார்க்காமல் எங்களில் பத்துப் பேரை செயின்ட் லூயி வீதிக்கு அழைத்துப் போனார். கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் கட்டடம். பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். உள்ளே போனதும் புல் தைல வாசனை. பூச்சி அண்டாமலும் ஓலை காய்ந்து முறியாமலும் இருக்க ஏட்டுக்குத் தடவுகிறார்கள் என்றார் பேராசிரியர். அலமாரி அலமாரியாகக் கட்டுகள். எங்கள் பரணில் இருப்பது போலவே, இரண்டு பக்கமும் பலகை வைத்து, துளையில் கயிறு கோத்த அதே கட்டுகள்! எனக்கு அடிவயிறு கலங்கியது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவர்களுக்காக அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது 1955 மார்ச் 21ஆம் தேதி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ழான் பிலியோசா. கண் மருத்துவராக இருந்து இந்திய இயல் அறிஞரானவர். நம் கோயில்களில் நடக்கிற பூஜையும் கோயில் கட்டுகிற முறையும் எந்த நூலைப் பார்த்து நடக்கின்றன என்பது அவர் கேள்வி. விடை, சைவ ஆகமங்கள். ஆனால் அச்சில் இருந்தவை மிகச் சில. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கிரந்த எழுத்தில் ஒன்றிரண்டு அச்சாகியிருந்தன. மற்றவை எல்லாம் குருக்கள் வீட்டுப் பரண்களில்.

அங்கே இருந்த பண்டிதர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கொடுத்தவர்களிடம் வாங்கினார்கள். கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் பெற்று, காகிதத்தில் தேவநாகரியில் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிப் படியெடுத்த காகிதக் கட்டுகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். ஓலைக் கட்டுகள் எட்டாயிரத்துக்கும் மேல். என். ஆர். பட் என்ற பெரும் பண்டிதர் பல பிரதிகளை ஒப்பிட்டு, 1961இல் ரௌரவாகமத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். பிறகு மிருகேந்திரம், அஜிதம், மதங்கபாரமேசுவரம் என்று தொடர்ந்தது. எலேன் புரூனர் என்ற பிரெஞ்சு அம்மையார், சோமசம்பு பத்ததி என்ற ஒரே ஒரு பூஜைக் கையேட்டைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்க நாலு பாகம் எழுதினார். முதல் பாகம் 1963, கடைசிப் பாகம் 1998. முப்பத்தைந்து வருஷம்! ஒரு செமஸ்டர் பேப்பருக்கே அலுத்துக்கொள்கிறோம் நாம்.

2005இல் யுனெஸ்கோ, புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகளை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. இங்கேயே தூய்மா வீதியில் இருக்கும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் சுவடிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 11,000. சைவ சித்தாந்தச் சுவடிகளில் உலகத்திலேயே பெரிய தொகுப்பு இதுதான். நம் ஊரில்! கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்கிற தூரத்தில்!

சரி, அந்த ஏடுகளில் என்னதான் இருக்கிறது? நான் பண்டிதன் அல்ல. ஆனால் அன்று தொடங்கிய அரிப்பு என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்த எட்டுக் கட்டையும் இறக்கினேன். கிரந்தம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்து ஒரு ஓலைமேல் தடவித் துடைத்தார். அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்தது, கறுப்பாக எழுந்து நின்றது. தாத்தா பேசுவது போல இருந்தது எனக்கு.

முதலில் அவர் விளக்கியது ஜபத்தைப் பற்றி. ஜபம் மூன்று வகை. பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு. உதடும் அசையாமல் உள்ளுக்குள்ளே சொல்வது மானசம். சத்தம் குறையக் குறையப் பலன் கூடும் என்பது சாஸ்திரம். உபாம்சுக்கு நூறு மடங்கு, மானசத்துக்கு ஆயிரம் மடங்கு என்று மனு ஸ்மிருதியே கணக்குச் சொல்கிறது. "இப்ப லவுட் ஸ்பீக்கர்ல போடறாளே, அதுக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது" என்று பெரியவர் சிரித்தார்.

இன்னொன்று சொன்னார். முக்கியமான மந்திரத்தை ஆகமம் நேராக எழுதாது. எழுத்துகளைக் குறிப்பால் சொல்லும். 'தீயின் எழுத்தை எடு, அதன்மேல் புள்ளி வை' என்றால் 'ரம்' என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மந்திரோத்தாரம் என்று பெயர். குருவிடம் தீக்ஷை பெறாதவன் ஏட்டைத் திருடினாலும் மந்திரம் கிடைக்காது. இன்னொரு பலனும் உண்டு. ஏடு எழுதுகிறவன் கை தவறினாலும், குறிப்பை வைத்து மந்திரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நாங்கள் கணக்கில் கூட்டுத் தொகையைக் குறுக்கேயும் நெடுக்கேயும் சரிபார்ப்போமே, அது மாதிரி.

அதே சமயம், பூஜைக் கையேடுகளில் பல இடத்தில் மந்திரத்தின் முதல் சொல் மட்டும்தான் இருக்கும். மீதி அர்ச்சகருக்கு மனப்பாடம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அங்க மந்திரங்கள் ஆறு: இதயம், சிரம், சிகை, கவசம், நேத்திரம், அஸ்திரம். ஒவ்வொன்றுக்கும் முடிவுச் சொல் வேறு. இதயத்துக்கு 'நம:', சிரத்துக்கு 'ஸ்வாஹா', அஸ்திரத்துக்கு 'பட்'. எதை எந்த விரலில், எந்த அங்கத்தில் வைத்துச் சொல்வது என்பது கையைப் பார்த்துக் கை கற்றுக்கொள்வது. ஏடு பாதி, ஆள் பாதி. ஆள் போய் ஏடு மட்டும் இருந்தால் பாதி புரியாது. ஏடு போய் ஆள் மட்டும் இருந்தால், ஒரு தலைமுறையில் தேய்ந்துவிடும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெரியவர் ஒரு கட்டைப் பிரித்ததும் இடது ஓரத்தைப் பார்த்தார். நம் பக்கம் ஏட்டில் எண் அங்கேதான் இருக்கும். "தம்பி, இது 63ஆம் ஓலையிலேர்ந்து ஆரம்பிக்கறது. முதல் 62 எங்கே?" என்றார்.

நான் பேசவில்லை.

"ஆறு கட்டு ஆத்துல விட்டோம் சாமி. நான்தான் விட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஓலையையே புரட்டிக்கொண்டிருந்தார். அது தாத்தாவே எழுதிய நித்திய பூஜைக் கையேடு. பின்பாதியில் பவித்திரோற்சவமும் பிராயச்சித்தமும் இருந்தன. வருஷம் முழுக்க நடந்த பூஜையில் விட்டுப் போனதை, தவறாகச் சொன்னதை ஈடுகட்டுவதற்கே ஆண்டுக்கு ஒரு முறை பவித்திரோற்சவம். அதுபோக, இன்ன பிழைக்கு அகோர மந்திரம் இத்தனை உரு என்று பட்டியல் வேறு. மனிதன் தப்புச் செய்வான் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சாஸ்திரம் அது. கடைசி ஓலையில் தாத்தா, எழுதியவன் கை செய்த குற்றத்தைப் பெரியோர் பொறுக்க வேண்டும் என்று முடித்திருந்தார். சுவடி எழுதியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம்தான் என்றார் பெரியவர். ஆனால் 'கை செய்த குற்றம்' என்று அவர் பொருள் சொன்னபோது, நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

முன்பாதி போனது போனதுதான். அதில் இருந்தது வேறு ஏடுகளில் இருக்கலாம். அகோரசிவாசாரியார் 1158இல் எழுதி முடித்த கிரியாக்கிரமத்யோதிகையைத்தான் நம் பக்கத்துக் குருக்கள்மார் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதற்குப் பிரதிகள் நிறைய உண்டு. ஆனால் எங்கள் தாத்தாவின் கோயிலில் எந்த இடத்தில் என்ன மாற்றிச் செய்தார்கள் என்பது அந்த 62 ஓலையில் மட்டும்தான் இருந்திருக்கும்.

நம் தட்பவெப்பத்தில் ஓலை முந்நூறு நானூறு வருஷம் தாங்கினாலே பெரிசு. மீண்டும் மீண்டும் படியெடுத்ததால்தான் நூல்கள் பிழைத்தன. நேபாளத்தின் குளிரில் ஒன்பதாம் நூற்றாண்டு ஓலையே தப்பியிருக்கிறது. நிசுவாசதத்துவ சம்ஹிதை என்ற பழைய சைவ நூல் அப்படிக் காட்மாண்டுவில் கிடைத்தது. அதன் பழைய பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதிலும் நம் புதுச்சேரி நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. எங்கோ இமயமலையில் கிடைத்த ஓலையைப் படிக்கிற திறமை இந்த ஊரில் இருக்கிறது. நம் வீட்டு ஓலையைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. அப்போது ஒரு கட்டு நனைந்து பூஞ்சை பிடித்தது. அதற்குப் பிறகு புத்தி வந்து, மகனை வைத்து ஒவ்வொரு ஓலையாக இருபுறமும் படம் எடுத்தோம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதே, ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. இன்னும் இரண்டு கட்டு போனது. ஆனால் இந்த முறை படம் இருந்தது. அன்று இராத்திரி நான் தூங்கினேன்.

மாணவர்களுக்கு இரண்டே வேண்டுகோள். ஒன்று, வீட்டுக்குப் போய்ப் பரணைப் பாருங்கள். ஏடு இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள், ஓலை வரிசையைக் கலைக்காதீர்கள். கைப்பேசியிலாவது படம் எடுத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழி ஏடு என்று பார்க்காதீர்கள். வைத்தியமாக இருக்கும், நிலக் கணக்காக இருக்கும், மந்திரமாக இருக்கும். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. படிக்காமலே தூக்கிப் போடுவது மட்டும் நியாயமில்லை.

இரண்டு, உங்களில் நாலு பேராவது கிரந்தம் கற்றுக்கொள்ளுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ எல்லாம் கிரந்தத்திலிருந்து வந்தவைதான். தமிழ் தெரிந்தவனுக்குச் சில வாரப் பயிற்சி போதும். நான் ஐம்பத்தெட்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கற்றேன். 63ஆம் ஓலையை இப்போது நானே படிக்கிறேன். தட்டித் தடவித்தான் படிக்கிறேன். ஆனால் படிக்கிறேன்.

பேச ஒரு காரணம் உண்டு என்று சொன்னேனே. பிழைக்கு இத்தனை உரு ஜபம் என்று தாத்தாவின் ஏடு சொல்கிறது. எனக்குத் தீக்ஷை கிடையாது, அந்த மந்திரத்தைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதனால் எங்கே மைக் கிடைத்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். இதோடு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. உங்களில் ஒருவர் ஒரு கட்டைக் காப்பாற்றினால், ஒரு உரு கழிந்ததாக வைத்துக்கொள்வேன்.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறிவிடும்.