விளம்பரமும் வாசகர் கண்ணும்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நெடுமங்காட்டுக் கடைத்தெருவைக் கடக்கும்போது இருபுறமும் விளம்பரப் பலகைகள் நெருங்கி நிற்கும். அவற்றுள் ஒன்றும் நம் நினைவில் தங்குவதில்லை. கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் ஏறும்போதோ, தனியே நிற்கும் ஒரு தேநீர்க் கடையின் பலகையை வண்டியிலுள்ள அனைவரும் வாய்விட்டுப் படிக்கின்றனர். இணையதளத்தில் விளம்பரத்தால் வருவாய் பெறும் வகை யாது என்ற கேள்விக்குரிய விடையில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

நம் நண்பர் ஒருவர், தென் கேரளத்து மலைகளையும் கோயில்களையும் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்தி வருகிறார். அதற்கு மொழி திருத்திக் கொடுப்பது நம் வழக்கம். அரசுப் பணியில் உள்ளோம் ஆதலால் வருவாயில் நமக்குப் பங்கில்லை. கவலையில் மட்டும் பங்குண்டு. வருவாய் போதவில்லை என்று அவர் ஒரே பக்கத்தில் எட்டு விளம்பரங்களை நிரப்பினார். முதல் மாதம் பணம் கூடியது. பின்னர் வாசகர் குறைந்தனர்; பணமும் குறைந்தது.

அந்த மழைக்காலத்தில் கோவையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார், கல்லாற்றுச் சோதனைச் சாவடியில் நின்று அவருக்கு எழுதினர்: "மலைப்பாதை மூடப்பட்டிருக்கிறது என்ற செய்தி உங்கள் பக்கத்திலேயே இருந்தது. விளம்பரங்களுக்கு அடியில் இருந்தமையால் புறப்படுமுன் எங்கள் கண்ணில் படவில்லை." முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தொலைவு வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். அன்றிரவு நண்பரும் நாமும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அப்போது தெளிந்த சிலவற்றை இங்குக் கூறுகிறோம்.

இணையத்தில் பட்டை விளம்பரம் 1994 அக்டோபரில் அமெரிக்காவில் தோன்றியது. சிறு தளங்களுக்கும் விளம்பரம் பெற்றுத்தரும் கூகிள் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது. அது இந்தியை 2014-இலும், தமிழை 2018-இலும் ஏற்றுக்கொண்டது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் நொடிக்குள் ஓர் ஏலம் நடைபெறுகிறது. விளம்பரதாரர்களுள் மிகுந்த விலை கேட்டவருக்கு இடம் கிடைக்கிறது. கூகிள் வழியாகவே விளம்பரதாரர் வாங்குவாராயின், அவர் செலுத்தும் 100 ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய் தளத்தாரைச் சேரும்.

ஆகவே, வருவாய் என்பது எண்ணிக்கையும் விலையும் பெருக்கிய தொகை. விளம்பரத்தின் பரப்பில் பாதியேனும் ஒரு நொடியேனும் திரையில் தெரிந்தால்தான் அது "காணப்பட்டது" என்று கணக்காகும். எவரும் இறங்கிப் பாராத அடிப்பக்கத்தில் ஐந்து விளம்பரம் இடுவதைவிட, கட்டுரையின் முதற்பகுதி முடிந்தவுடன் ஒன்று இடுதல் நன்று. நன்றாகக் காணப்படும் இடத்திற்கே விளம்பரதாரர் மிகுந்த விலை தருவர்.

பக்கம் விரைந்து திறக்கவேண்டும். மலையடிவாரத்தில் அலைவரிசை மெலிந்திருக்கும். கனத்த படங்கள் வந்து சேருமுன் வாசகர் போய்விடுவார். விளம்பரத்திற்குரிய இடத்தை முன்னரே ஒதுக்கிவிட்டால், படிக்கும் வரி திடீரென்று கீழே நழுவாது. திரை முழுவதையும் மறைத்துக் குதிக்கும் விளம்பரங்களை அறவே தவிர்க்கவேண்டும். வரம்பு மீறிய தளங்களில் விளம்பரங்களைத் தடுக்கும் ஏற்பாட்டைக் குரோம் உலாவி 2018-இலேயே தொடங்கிவிட்டது.

நம் தளத்தின் இடத்தை விற்கும் உரிமை யார் யாருக்கு உண்டு என்று அறிவிக்கும் சிறு கோப்பு ஒன்று உண்டு. 2017-இல் வந்த இவ்வழக்கம் போலி விற்பனையைத் தடுப்பது. அதைப் பிழையின்றி வைத்திருந்தால் விளம்பரதாரர் நம்பி ஏலம் கேட்பர். வருவாயைப் பெருக்க நம் விளம்பரத்தை நாமே தட்டுவதும், உறவினரைத் தட்டச் சொல்வதும் கூடா, கணக்கே முடக்கப்படும்.

இவற்றினும் மேலான வழி ஒன்றுண்டு. தங்கும் விடுதியார், வாடகை வண்டி வைத்திருப்போர், தமிழ்நாட்டு உணவு சமைப்போர் ஆகியோரிடம் நேரே சென்று விளம்பரம் கேட்பது. இதில் தரகுப் பங்கு இல்லை. பயணியருக்கும் அது பயனுள்ள செய்தியாகும். ஆனால் அதன்மேல் "விளம்பரம்" என்று தெளிவாக எழுதவேண்டும்.

நண்பர் எட்டை மூன்றாகக் குறைத்தார். பாதை திறந்துள்ளதா, மூடியுள்ளதா என்ற செய்தியைப் பக்கத்தின் உச்சியில் வைத்தார். அதற்கு மேலே எந்த விலைக்கும் விளம்பரம் இடுவதில்லை என்று உறுதி பூண்டார். முதல் இரு மாதம் வருவாய் தாழ்ந்தே இருந்தது. அவர் மனைவியார், "சேவைக்கு வீட்டுப் பணம் எத்தனை நாள்?" என்று கேட்டதும் நியாயமே. பின்னர் வாசகர் மெல்லத் திரும்பினர். இன்று தளத்தின் செலவு போகச் சிறிது மிஞ்சுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் நம் பெரியோர். 1967-இல் விவித பாரதியில் விளம்பரம் ஒலிக்கத் தொடங்கியபோதும் நேயர்கள் பாட்டுக்காகவே காத்திருந்தனர். விளம்பரம் அந்தக் காத்திருப்பின் நிழலில் பிழைத்தது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பலர் இன்று தமிழில் தளம் நடத்துகின்றனர். அவர்கள் விற்பது இடம் மட்டுமன்று, வாசகரின் நம்பிக்கையுமாகும். அதை அளந்தே விற்போமாக.